ஐந்து பேய்களில் எந்தப் பேய் உசத்தி?
"ஆ" படத்துக்கு அந்தமான் தமிழ் ரசிகர்கள் வழங்கும் தீர்ப்பு

ஒரே டிக்கெட்டில் ஐந்து பேய்! 2014 நவம்பர் 28-ந் தேதி வெளிவந்த "ஆ" என்ற தமிழ்ப் படம் ரசிகர்களுக்குக் கொடுத்த சலுகை இது.

படம் வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பெரிய கதாநாயகன் கிடையாது. வெள்ளி விழா கொண்டாடிய படமும் அல்ல. ஆனாலும் அந்தமானில் பிழைக்க வந்த தமிழர்கள் நாலு பேர் கூடிப் பேய்ப்படம் பற்றிப் பேசத் தொடங்கினால், இந்த ஒற்றை எழுத்துப் படம் எப்படியும் வந்து எட்டிப் பார்த்துவிடுகிறது. அதற்குக் காரணம் உண்டு. படத்தில் வரும் ஐந்து கதைகளில் ஒன்று நடக்கும் இடம் வங்கக் கடல். சென்னைக்கும் தீவுக்கும் நடுவே கிடக்கும் அதே கடல்.

"ஆ" என்றால் தமிழில் பசு என்றும் பொருள். ஆனால் இந்தப் படத்தில் பசுவுக்கு வேலை இல்லை. இது அலறும்போது வாயிலிருந்து கிளம்பும் "ஆ"!

பந்தயத்தில் பிறந்த கதை

ஹரி சங்கர், ஹரீஷ் நாராயண் என்ற இரட்டை டைரக்டர்கள் எடுத்த படம் இது. 2010-ல் "ஓர் இரவு", 2012-ல் "அம்புலி" என்று தொடர்ந்து திகில் படங்களையே எடுத்து வந்தவர்கள் இவர்கள். "அம்புலி"யை முப்பரிமாணத்தில் எடுத்து, கொட்டகையில் ரசிகர்களுக்குக் கண்ணாடி மாட்டி விட்டார்கள். அந்தப் படத்தில் அம்புலியாக வந்து மிரட்டிய கோகுல்நாத், "ஆ" படத்தில் பேயைத் தேடும் நண்பர்களில் ஒருவராக வருகிறார். மேக்னா, பால சரவணன், பாபி சிம்ஹா, எம்.எஸ்.பாஸ்கர் ஆகியோரும் நடித்திருக்கிறார்கள். இதே 2014-ல் வெளிவந்த "ஜிகர்தண்டா" படத்துக்காக பாபி சிம்ஹாவுக்குத் துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கதை இதுதான். பணக்காரனாகிவிட்ட ஒருவன் தன் பழைய நண்பர்களிடம் பந்தயம் கட்டுகிறான். பேய் உண்டு என்று ருசுப்பித்தால் பெருந்தொகை தருவதாகச் சொல்கிறான். நண்பர்கள் மூன்று பேர் காமிராவும் கையுமாகப் பேயைத் தேடிக் கிளம்புகிறார்கள். டோக்கியோ, துபாய், வங்கக் கடல், ஆந்திர நெடுஞ்சாலை, ஒரு ஏ.டி.எம். அறை என்று ஐந்து இடங்கள். இடத்துக்கு ஒரு கதை.

இப்படிப் பல கதைகளை ஒரு கயிற்றில் கட்டித் தரும் படங்களைக் கதம்பப் படம் என்று சொல்லலாம். பூக்கடையில் கதம்பம் வாங்குகிறவர்கள் மல்லிகை எவ்வளவு, மரிக்கொழுந்து எவ்வளவு என்று பார்ப்பதுபோல, இந்தப் படத்தைப் பார்க்கிறவர்களும் எந்தக் கதை தேறியது, எது தேறவில்லை என்று பிரித்துப் பார்க்கிறார்கள். தீவுத் தமிழர்களின் விவாதமும் அங்கேதான் ஆரம்பமாகிறது.

தீவில் இரவு நீளம்

அந்தமானுக்கும் பேய்ப்படத்துக்கும் உள்ள பொருத்தத்தை இங்கே சொல்லிவிட வேண்டும்.

தீவுகள் நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கின்றன. கடிகாரமோ டில்லிக்கும் மும்பைக்கும் உள்ள அதே இந்திய நேரத்தைக் காட்டுகிறது. அதனால் டிசம்பரில் மாலை ஐந்தே காலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஊரில் பிள்ளைகள் இன்னும் தெருவில் விளையாடிக் கொண்டிருக்கும் நேரத்தில், இங்கே விளக்கு வைத்தாகிவிடும். வேலை முடிந்து குளித்துச் சோறு பொங்கிச் சாப்பிட்ட பிறகும் முன்னிரவு மிச்சம் இருக்கும். குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களுக்கு அந்த நேரத்தைத் தள்ளுவதுதான் பெரும்பாடு.

ஒரு காலத்தில் அந்த நேரத்துக்குத் துணை சினிமாக் கொட்டகை. பிறகு வீடியோ காஸெட், அப்புறம் சி.டி., அதன்பின் பென் டிரைவ். சென்னையிலிருந்து வரும் கப்பலில் படமும் சேர்ந்து வந்தது. பங்க் கிளாஸில் மூன்று நாள் படுத்து வருகிறவனின் பையில் ஊறுகாய் பாட்டிலுக்கும் கருவாட்டுப் பொட்டலத்துக்கும் நடுவே நாலு சினிமாவும் இருக்கும்.

செல்போனில் தடங்கல் இல்லாமல் படம் பார்ப்பது இங்கே சமீபத்து வசதி. அதுவரை தீவுகளின் தொடர்பு பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. சுற்றிச் சுற்றி வந்து நின்றுபோகும் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர்கள் குறைவு. 2020 ஆகஸ்ட் 10-ந் தேதி சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே கடலடிக் கேபிள் திறந்து வைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கண்ணாடி இழைக் கேபிள், போர்ட் பிளேர் தவிர ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகிய இடங்களையும் இணைக்கிறது. ஹேவ்லாக் 2018-ல் ஸ்வராஜ் தீவு ஆயிற்று. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பெயர்கள் மாறின, பேய்ப்பட ரசிகர்கள் மாறவில்லை. முன்பு கப்பலில் வந்த பேய் இப்போது கடலுக்கு அடியில் கேபிளில் வருகிறது!

மார்க் போடும் ரசிகர்கள்

"ஆ" படம் பற்றிய பேச்சில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

முதல் கட்சி, கதம்பப் படமே லாபம் என்று சொல்லும் கட்சி. இவர்களில் பெரும்பாலோர் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். இரண்டரை மணி நேரம் ஒரே கதையை உட்கார்ந்து பார்க்க அவர்களுக்கு நேரம் ஒத்துவருவதில்லை. சோற்றுக்கு உலை வைத்துவிட்டு ஒரு கதை, சாப்பிட்டபின் ஒரு கதை, மறுநாள் மிச்சம் என்று தவணை முறையில் பார்த்துக் கொள்ளலாம். ஒன்று சொதப்பினாலும் அடுத்தது கைகொடுக்கும். பிடிக்காத கதைக்கு மத்தியில் எழுந்து துணி துவைத்துவிட்டு வரலாம்.

எதிர்க் கட்சிக்காரர்கள் ஆபீஸ் குமாஸ்தாக்கள், கணக்கு எழுதுகிறவர்கள். பயம் என்பது பால் காய்ச்சுவதுபோல என்பது இவர்கள் வாதம். அடுப்பை ஏற்றி, பொங்கி வரும் நேரத்தில் இறக்கி வைத்துவிட்டால் என்ன பிரயோஜனம்? கதாபாத்திரத்தின் பெயர் மனதில் பதிவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. யாரென்றே தெரியாதவனைப் பேய் பிடித்தால் நமக்கென்ன என்று கேட்கிறார்கள். 2012-ல் வந்த "பீட்சா"வையும், 2009-ல் வந்த "யாவரும் நலம்" படத்தையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஒரே வீட்டில், ஒரே ஆளோடு நெடுநேரம் இருந்ததால்தான் அந்தப் படங்கள் மனதில் நின்றன என்பது அவர்கள் கட்சி.

இரண்டு கட்சியும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்று உண்டு. ஐந்து கதைக்கும் தனித்தனியே மார்க் போட்டால் ஒரே அளவில் வராது. டோக்கியோவும் துபாயும் பார்க்கப் பளபளப்பாக இருக்கின்றன. மனதில் ஒட்டவில்லை என்பதே இங்கே பரவலான அபிப்பிராயம். துபாய்க்குப் போய் வந்தவர்கள் தீவிலும் உண்டு. அங்கே பயப்படுவதற்குப் பேய் தேவையில்லை, விசா முடியும் தேதி போதும் என்பது அவர்கள் கணிப்பு.

காவலாளிக்கு முதல் மார்க்

சந்தேகமில்லாமல் அதிக மார்க் வாங்கும் கதை ஏ.டி.எம். கதைதான். அதில் எம்.எஸ்.பாஸ்கர் இரவுக் காவலாளியாக வருகிறார். ஒரு சின்னக் கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, ஒரு மிஷின். வேறு ஆடம்பரம் இல்லை.

இந்தக் கதைக்கு ஏன் இவ்வளவு செல்வாக்கு? ராத்திரி டியூட்டி பார்க்கிறவர்களைக் கேட்டால் பதில் கிடைக்கும். ஏ.டி.எம். வாசல், கிடங்கு, கட்டட வேலை நடக்கும் இடம், ஓட்டல், துறைமுகம் என்று இரவுக் காவல் பார்க்கும் தமிழர்கள் பல பேர். இரவு இரண்டு மணிக்கு மேல் நாய் குரைத்தால் மனம் என்ன பாடுபடும் என்று அவர்களுக்குத் தெரியும். உள்ளே லட்சக்கணக்கில் பணம் இருக்கிறது. வெளியே காவல் இருப்பவனின் சட்டைப்பையில் டீக்குச் சில்லறைதான் இருக்கிறது. இதைவிட வேறு திகில் என்ன வேண்டும்?

பேய் வந்தாலும் இடத்தைவிட்டு எழுந்து ஓட முடியாது என்பதுதான் அந்தக் கதையில் தங்களை உலுக்கியதாக இவர்கள் சொல்கிறார்கள். ஓடினால் உயிர் தப்பும், வேலை போய்விடும். பங்களாவில் மாட்டிக்கொண்ட பணக்காரக் கதாநாயகியைப் பார்க்கும்போது, இந்த அம்மாள் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதானே என்று தோன்றிவிடுகிறது. காவலாளி விஷயத்தில் அப்படித் தோன்றுவதில்லை.

2020 ஜனவரி 1-ந் தேதி வெளிவந்த "கோஸ்ட் ஸ்டோரீஸ்" என்ற இந்திப் படத்தைப் பற்றியும் இதே மாதிரி அபிப்பிராயம்தான். ஜோயா அக்தர், அனுராக் காஷ்யப், திபாகர் பானர்ஜி, கரண் ஜோஹர் ஆகிய நால்வர் ஆளுக்கொரு கதை எடுத்த படம் அது. இதில் ஜோயா அக்தரின் கதையில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு மூதாட்டியைக் கவனிக்க வருகிறாள் ஒரு நர்ஸ். மூதாட்டியாக சுரேகா சிக்ரியும் நர்ஸாக ஜான்வி கபூரும் நடித்தார்கள். பெரிய வீடு, தனி ஆள், சம்பளத்துக்கு வந்த வேலை. வீட்டு வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் போகும் பெண்கள் அந்தக் கதையைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. விமர்சகர்கள் பலர் பாராட்டியது திபாகர் பானர்ஜியின் நரமாமிசக் கதையை. தீவுப் பெண்களின் ஓட்டு நர்ஸுக்குத்தான்.

இந்திக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்

அந்தமானில் எல்லா மாநிலத்தாருக்கும் பொதுவாகப் பேசும் மொழி இந்தி. ஆகவே இந்தி தெரியாமல் கப்பல் ஏறி வந்தவரும் இரண்டு வருஷத்தில் இந்திப் படத்துக்கு விமர்சனம் சொல்லும் நிலைக்கு வந்துவிடுகிறார். "ஆ" படத்துக்குப் பதினோரு வருஷம் முன்பே இந்தியில் "டர்னா மனா ஹை" வந்துவிட்டது என்று இவர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். 2003-ல் வந்த அந்தப் படத்தை ராம் கோபால் வர்மா தயாரித்தார். பிரவால் ராமன் டைரக்ட் செய்தார். பயப்படுவதற்குத் தடை என்பது தலைப்பின் பொருள். காட்டில் மாட்டிக்கொண்ட நண்பர்கள் நெருப்பு மூட்டி உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மொத்தம் ஆறு கதை. 2006-ல் "டர்னா ஜரூரி ஹை", அதாவது பயந்தே ஆகவேண்டும் என்ற தலைப்பில் அடுத்த படமும் வந்தது.

முதல் படத்தில் வரும் ஆப்பிள் கதையை இன்னும் பலர் மறக்கவில்லை. சல்லிசான விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆப்பிள் வாங்கி வருகிறாள் ஒரு குடும்பத் தலைவி. சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக ஆப்பிளாகிவிடுகிறார்கள்! அபர்டீன் பஜாரில் யாராவது பழத்தைப் பாதி விலைக்குக் கூவி விற்றால், இந்தப் படத்தைச் சொல்லிக் கேலி செய்ய ஓர் ஆள் இருப்பான். தீவுக்கு வரும் பழமும் காய்கறியும் பெரும்பகுதி கடல் தாண்டி வருபவை. இங்கே ஆப்பிள் சல்லிசாகக் கிடைத்தாலே அது பேய்க் கதைதான்.

அதே படத்தில் விவேக் ஓபராயும் நானா படேகரும் வரும் லிப்ட் கதையையும், "ஆ" படத்தின் ஆந்திர நெடுஞ்சாலைக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார்கள் டிரைவர்கள். ராத்திரியில் வழியில் நிற்பவனை வண்டியில் ஏற்றலாமா, கூடாதா என்பது அவர்களுக்கு சினிமாக் கேள்வி மட்டும் அல்ல, தொழில் கேள்வி.

வங்காளிகளும் இந்தப் பேச்சில் சும்மா இருப்பதில்லை. 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி தீவுகளில் வங்காளம் பேசுவோர் நூற்றுக்கு 28 பேருக்கு மேல். தமிழ் பேசுவோர் நூற்றுக்கு 15 பேர். ஆகவே ஒவ்வொரு ஆபீஸிலும் தமிழருக்குப் பக்கத்து மேஜையில் ஒரு வங்காளி பாபு இருப்பார். சத்யஜித் ரே 1961-லேயே தாகூரின் மூன்று கதைகளை "தீன் கன்யா" என்று படமாக்கியதையும், அதில் "மணிஹாரா" என்ற கதை பேய்க் கதை என்பதையும் அவர் பெருமையோடு சொல்வார். 2012-ல் ரேயின் மகன் சந்தீப் ரே எடுத்த படம் மூன்று பேய்க் கதைகள் கொண்டது. அவற்றில் இரண்டு தகப்பனார் எழுதியவை. பேயைத் தேடி ஊர் ஊராக அலையும் அநாத் பாபுவின் கதை அதில் ஒன்று.

வேதாளம்தான் மூத்த பேய்

இதற்கெல்லாம் தமிழர்கள் சளைத்தவர்கள் அல்ல. கதம்பப் பேய்க் கதைக்கு நம்மிடம் வேதாளமே இருக்கிறதே என்பது வயதானவர்கள் கையில் இருக்கும் துருப்புச் சீட்டு.

சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான் விக்கிரமாதித்தன். அதற்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்கிறது. கதை முடிவில் ஒரு கேள்வி. பதில் சொன்னதும் வேதாளம் மறுபடி மரத்தில் ஏறிக்கொள்கிறது. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலேயே இந்த இருபத்தைந்து கதைகளும் வந்துவிட்டன. 1947-ல் தொடங்கிய "அம்புலிமாமா" வழியாகத் தமிழ்ப் பிள்ளைகள் வேதாளத்தோடு வளர்ந்தார்கள். வாளை ஏந்தி, பிணத்தைச் சுமந்து நடக்கும் ராஜாவின் படத்தை வரைந்த ஓவியர் சங்கர் 2020 செப்டம்பரில் தமது தொண்ணூறு வயதுக்கு மேல் காலமானார். அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தவர்கள்தான் இப்போது பேரப் பிள்ளைகளோடு செல்போனில் பேய்ப்படம் பார்க்கிறார்கள்.

வேதாளக் கதையை வைத்து "ஆ" படத்தை எடை போடுகிறார்கள் இவர்கள். வேதாளம் சொன்ன கதைகள் வெவ்வேறானவை. ஆனாலும் ராஜா நடக்கும் சுடுகாட்டுப் பாதை மாறவில்லை; அவன் தோளில் உள்ள பாரம் குறையவில்லை. அந்தக் கயிறு அறுந்தால் மாலை உதிர்ந்துவிடும். "ஆ" படத்திலோ கதைகள் பயமுறுத்திய அளவுக்குப் பந்தயம் கட்டிய நண்பர்கள் மனதில் நிற்கவில்லை என்பது இவர்கள் குறை. 1945-ல் இங்கிலாந்தில் வந்த "டெட் ஆப் நைட்" என்ற படத்தைக் கதம்பப் பேய்ப்படங்களுக்குத் தாத்தா என்று சொல்வார்கள். அதிலும் விருந்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கடைசியில் அந்த விருந்தே கெட்ட கனவாகித் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறது. கயிறே பாம்பாகிவிடும் அந்த வித்தை எல்லோருக்கும் கைவருவதில்லை.

சிரிக்கவா, நடுங்கவா?

2014-ம் வருஷம் தமிழ் சினிமாவில் பேய்களுக்கு நல்ல வருஷம். "யாமிருக்க பயமே" மே மாதம் வந்தது. "அரண்மனை" செப்டம்பரில் வந்தது. "ஆ" வந்த மூன்றாவது வாரம் மிஷ்கினின் "பிசாசு" வந்து சேர்ந்தது. 2011-ல் ராகவா லாரன்ஸின் "காஞ்சனா" சக்கைப் போடு போட்டதிலிருந்து பேயும் சிரிப்பும் ஒரே வண்டியில் பூட்டிய இரட்டை மாடுகளாகிவிட்டன.

குடும்பத்தோடு இருப்பவர்கள் சிரிப்புப் பேய்க்கு ஓட்டுப் போடுகிறார்கள். பிள்ளைகள் தூங்க வேண்டும், காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பது அவர்கள் கவலை. தனியாக இருப்பவர்கள் அசல் பேயைக் கேட்கிறார்கள். சிரிப்புப் படம் முடிந்ததும் அறையில் தனிமை அதிகமாகிவிடுகிறது. பயந்தால் அடுத்த கட்டிலில் இருப்பவனிடம் விடியும்வரை பேசலாம் என்று அவர்கள் சொல்லும் காரணம் யோசிக்க வைக்கிறது. பேய்ப்படம் பார்த்த இரவில் ஊருக்குப் போன் செய்து வீட்டாரோடு கூடுதலாகப் பத்து நிமிஷம் பேசுகிறவர்களும் உண்டு. பயந்துவிட்டேன் என்று மட்டும் சொல்வதில்லை. சாப்பிட்டாயா, கதவைத் தாழ் போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

மார்க் போடாத கதை

ஐந்து கதைகளில் நாலுக்கு மார்க் போடும் தீவுத் தமிழர்கள், ஐந்தாவதுக்கு வரும்போது தயங்குகிறார்கள். அது கடல் கதை.

மெயின்லாண்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குக் கடல் என்பது திகிலுக்கு ஏற்ற ஒரு பின்னணி. தீவில் இருப்பவர்களுக்கு அது பஸ் ரூட்டு மாதிரி. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அதன்மேல்தான் போக வேண்டும். சாவுச் செய்தி வந்து, விமானக் கட்டணத்துக்கு வழியில்லாமல் கப்பலை நம்பிப் போனவன், கரை இறங்கும்போது காரியமே முடிந்திருக்கும். இந்தத் தவிப்பை அனுபவித்தவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26-ந் தேதியை யாரும் மறக்கவில்லை. அன்று காலை ஆறரை மணி அளவில் பூமி ஆடியது. சற்று நேரத்தில் கடல் எழுந்து வந்தது. கார் நிகோபாரும் கட்சாலும் மற்ற தெற்குத் தீவுகளும் பட்ட பாடு உலகுக்கே தெரியும். ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், ஆயிரக்கணக்கானோர் காணாமல் போனார்கள். நாட்டின் தெற்குக் கோடியான இந்திரா முனையில் நிலமே நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கரையில் இருந்த கலங்கரை விளக்கம் தண்ணீரில் நின்றது. கட்சாலில் ரப்பர் தோட்ட வேலைக்காக 1970-களில் குடியேற்றப்பட்ட, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. இலங்கையிலிருந்து ஒரு கடல், தமிழ்நாட்டிலிருந்து இன்னொரு கடல் என்று இரண்டு கடலைத் தாண்டிப் பிழைக்க வந்தவர்கள் அவர்கள்.

ஆகவே நாலு பேர் சேர்ந்து படம் பார்க்கும்போது, சுனாமியில் உறவைப் பறிகொடுத்தவர் யாராவது கூட இருந்தால், கடல் கதை வந்ததும் யாரும் சொல்லாமலே படத்தைத் தள்ளி ஓட்டிவிடுவது இங்கே ஒரு மரியாதை. அந்தக் கதை நன்றாக இல்லை என்று அதற்கு அர்த்தம் அல்ல. காணாமல் போனவர்களின் உடல் கிடைக்காத வீடுகளில், இறந்துவிட்டார் என்று வாய்விட்டுச் சொல்லவே வருஷங்கள் ஆயின. அப்படிப்பட்டவர்கள் முன்னால் கடலிலிருந்து உருவம் எழுவதைப் பார்த்துக் கூச்சல் போட மனம் வருவதில்லை.

இதற்கு மறுபேச்சும் உண்டு. பார்க்காமல் தள்ளுவதால் பயம் போய்விடாது, பார்த்துப் பேசினால்தான் மனம் ஆறும் என்பவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானியர் இதை வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். மசாகி கோபயாஷி 1964-ல் எடுத்த "க்வைதான்" நாலு பேய்க் கதைகள் கொண்ட படம். 1965-ல் கான் படவிழாவில் விசேஷப் பரிசு பெற்றது. அதில் ஒரு கதையில், கடல் போரில் மூழ்கி மாண்ட வீரர்களின் ஆவிகள், கண் தெரியாத ஒரு பாடகனை இரவில் அழைத்துப் போகின்றன. தங்கள் கடைசிப் போரைப் பாடச் சொல்லிக் கேட்கின்றன. கேட்டு அழுகின்றன. கடலில் போனவர்கள் யாரையும் பழிவாங்க வரவில்லை. தங்கள் கதையை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் வருகிறார்கள். அந்தமானுக்கு ஏற்ற கடல் கதை இப்படித்தான் இருக்க முடியும் என்று, அந்தப் படத்தைப் பார்த்த சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அசல் திகில்

மெயின்லாண்டிலிருந்து வரும் உறவினர்கள் செல்லுலர் ஜெயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே பேய் நடமாட்டம் உண்டாமே என்று கேட்பது வழக்கம். இங்கேயே இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி ரசிப்பதில்லை. 1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்த அந்தச் சிறையில் 693 கொட்டடிகள் இருந்தன. ஏழு பிரிவுகளில் மூன்றுதான் இப்போது நிற்கின்றன. ஒவ்வொரு கொட்டடியிலும் மனிதனை மனிதன் வதைத்திருக்கிறான். 1944 ஜனவரி 30-ந் தேதி ஹம்ப்ரிகஞ்சில் ஜப்பானியப் படையினர் 44 பேரை ஒற்றர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள். இவை எதிலும் பேய்க்குப் பங்கு இல்லை. 1996-ல் பிரியதர்ஷன் எடுத்த "சிறைச்சாலை" படத்தில் வெள்ளை உடுத்த மோகினி கிடையாது. ஆனாலும் எந்தப் பேய்ப்படமும் அவ்வளவு நடுங்க வைக்கவில்லை என்பது இங்குள்ள மூத்தவர்கள் முடிவு.

"ஆ" படத்தின் அடிப்படையே பந்தயம். வசதியுள்ளவன் வேடிக்கைக்காகப் பணம் கட்டுகிறான்; வசதி தேடுகிறவர்கள் அந்தப் பணத்துக்காகச் சுடுகாட்டுக்கும் நடுக்கடலுக்கும் போகிறார்கள். பேய் உண்டா, இல்லையா என்று படம் பார்த்தவர்கள் சண்டை போடலாம். ஆனால் பணத்துக்காகப் பயத்தை மென்று விழுங்கிக்கொண்டு போகும் மனிதர்கள் உண்டு என்பதில் தீவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும், கடலையே பார்த்திராதவர்கள்கூட, மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து இறங்கியது அப்படித்தான்.

ஐந்து பேய்களில் எது உசத்தி என்ற கேள்விக்கு ஓட்டு எடுத்தால் ஏ.டி.எம். பேய் ஜெயிக்கும், ஆந்திரப் பேய்க்கு இரண்டாவது இடம், டோக்கியோவுக்கும் துபாய்க்கும் டிபாசிட் கிடைப்பதே கஷ்டம். கடல் பேய் மட்டும் தேர்தலில் நிற்கவில்லை. அதை நிறுத்த வேண்டாம் என்பதே தீவுத் தமிழர்களின் ஏகமனதான தீர்மானம்.